விஞ்ஞானப் புனைகதைக்கு அட்டைப்படம் வரைதல்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரம் கற்கும் மாணவர்களும், அவர்களைவிடக் கூடுதலாக அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு தமிழ் நூல்களுக்கும் ஆங்கில நூல்களுக்கும் அட்டை வரைந்துவரும் ஒருவர் எழுதுவதால், சொந்த அபிப்பிராயமும் ஆங்காங்கே கலந்திருக்கும்.

இந்த ஓவியரின் வேலை சரியாக என்ன?

நூலை இன்னும் திறந்து பாராத ஒருவருக்கு, அது எந்த வகைக் கதை, எந்தக் காலத்தில் நடக்கிறது, அதற்குள் இருப்பது வியப்பா அச்சமா தனிமையா என்பதை ஒரே படத்தில் உணர்த்துவதே வேலை. லண்டன், நியூயோர்க் பதிப்பகங்களில் இது பல கைகளுக்குப் பிரிந்திருக்கும். கலை இயக்குநர் குறிப்புத் தருவார், ஓவியர் படத்தை வரைவார், தலைப்பெழுத்தையும் முதுகையும் பின்னட்டையையும் வடிவமைப்பாளர் பார்த்துக்கொள்வார். கொழும்பின் தமிழ் நூலுலகில் இந்த மூவரும் பெரும்பாலும் ஒருவரே. உட்பக்க அமைப்பும் சில வேளைகளில் அவர் தலையில் வந்து விழும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இங்கே பல நூல்களை எழுத்தாளரே தம் பணத்தில் அச்சிடுவதால், வேலை தருபவர் பதிப்பாளர் அல்லர், எழுத்தாளர்தான். கதையின் ஒவ்வொரு திருப்பமும் அவருக்கு உயிர் என்பதால், விண்கலம், கதாநாயகி, இரட்டைச் சூரியன், இடிந்த நகரம், இயந்திர மனிதன் எல்லாமே அட்டையில் வரவேண்டும் என்று கேட்பார். அவற்றில் எதை விடுவது என்று பக்குவமாகப் பேசி இணங்கச் செய்வது, வரைவதைவிட நேரம் பிடிக்கும் வேலை.

இதை மட்டுமே நம்பிக் கொழும்பில் வாழ முடியுமா?

தமிழ் நூல்களை மட்டும் நம்பினால் முடியாது. பிரதிகள் சில நூறு மட்டுமே அச்சாகும் நூலொன்றின் செலவுக் கணக்கில் அட்டைக்கென ஒதுக்கக்கூடிய தொகைக்கு ஓர் எல்லை உண்டு. அதிலும் விஞ்ஞானப் புனைகதை என்பது தமிழில் எப்போதாவது வரும் விருந்தாளி. சிங்களப் பதிப்புத்துறை பெரியது. ஆர்தர் சி. கிளார்க்கின் நூல்கள் உட்பட மொழிபெயர்ப்பு விஞ்ஞானப் புனைகதைக்கு அங்கே நிலையான வாசகர் கூட்டம் இருக்கிறது. எனவே மூன்று மொழிகளிலும் வேலை தேடுபவருக்கே வாய்ப்பு அதிகம். இங்குள்ள ஓவியர்கள் பாடநூல் வரைபடங்கள், விளம்பர நிறுவனங்களுக்கான கதைப்பலகைகள், கணினி விளையாட்டுகளுக்கான கருத்தோவியங்கள் ஆகியவற்றோடு சேர்த்தே அட்டைப்படத்தையும் செய்கிறார்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. இத்துறையின் முன்னோடிகளும் வேறு தொழில்களிலிருந்து வந்தவர்களே, அதைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

யாருடைய ஓவியங்களைப் பார்த்துக் கற்க வேண்டும்?

ஆஸ்திரியாவில் பிறந்த பிராங்க் ஆர். போல் கட்டடவரைபடம் பயின்றவர். 1926 ஏப்ரலில் வெளிவந்த ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ முதல் இதழின் அட்டை அவருடையது. அவர் வரைந்த மனிதர்கள் மரப்பொம்மைபோல் நிற்பார்கள். நகரங்களும் இயந்திரங்களுமோ இன்றும் மூச்சை நிறுத்தும். செஸ்லி போன்ஸ்டெல்லும் கட்டடக்கலை அலுவலகங்களில் வேலை செய்து, பிறகு ஹொலிவூட்டில் பின்னணி ஓவியராக இருந்தவர். 1944இல் ‘லைஃப்’ சஞ்சிகையில் வெளியான அவருடைய சனிக்கிரக ஓவியங்கள், தாம் நேரில் நின்று பார்ப்பதாகவே வாசகர்களை எண்ணவைத்தன. விஞ்ஞானப் புனைகதை ஓவியர்களுக்கு 1985 முதல் வழங்கப்படும் செஸ்லி விருதுகள் அவர் பெயரைத் தாங்கியவை.

இவ்விருவருக்கும் நேரெதிர்த் திசையில் போனவர் ரிச்சர்ட் பவர்ஸ். 1950களில் பாலன்டைன் பதிப்பகத்துக்காக அவர் வரைந்த அட்டைகள் பலவற்றில் விண்கலத்தைத் தேடினாலும் கிடைக்காது. மிதக்கும் உருவங்களும் கனவுபோன்ற வெளியும்தான் இருக்கும். 1953இல் வந்த கிளார்க்கின் ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’ நாவலின் அட்டை அவற்றுள் ஒன்று. ‘விஞ்ஞானப் புனைகதை என்றால் ரொக்கெட் போடவேண்டும்’ என்று அடம்பிடிக்கும் எழுத்தாளரிடம் நான் முதலில் காட்டுவது பவர்ஸின் அட்டைகளைத்தான். 1970களில் பிரித்தானியாவில் கிறிஸ் பொஸ் எயர்பிரஷ்ஷினால் வரைந்த கலங்கள், தொழிற்சாலையைப் பெயர்த்தெடுத்து விண்ணில் மிதக்கவிட்டதைப்போல் கனமாக இருக்கும். லியோ டிலன், டயான் டிலன் தம்பதியர் 1971இல் விஞ்ஞானப் புனைகதைத் துறைக்கான ஹ்யூகோ விருது பெற்றார்கள். அவர்களுடைய மரச்செதுக்கு பாணி, பண்பாட்டு அலங்காரங்களைக் கதைக்குள் கொண்டுவர விரும்புவோருக்கு நல்ல பாடம்.

மைக்கல் வெலன் ஹ்யூகோ விருதை 15 தடவை வென்றவர். அவரைப் பற்றிக் கொழும்பில் சொல்லித்தான் ஆகவேண்டிய ஒரு செய்தி உண்டு. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த கிளார்க், ‘2010’ நாவலை இங்கிருந்தே எழுதி, கையெழுத்துப் பிரதியை ஐந்து அங்குல டிஸ்கட் ஒன்றில் நியூயோர்க்குக்கு அனுப்பினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை புவிநிலையத்தின் ஊடாகச் செய்மதி வழியே போயின. 1982இல் வெளியான அமெரிக்கப் பதிப்பின் அட்டையை வரைந்தவர் வெலன். கதை இங்கிருந்து போய் ஓவியம் அங்கே வரையப்பட்டது. இன்று அதே பாதையில் ஓவியமும் இங்கிருந்து போகலாம், அதற்குப் பாதுக்கையும் தேவையில்லை.

கதையை முழுவதும் வாசிக்க வேண்டுமா?

வாசிக்க வேண்டும். பொஸ்ஸின் புகழ்பெற்ற கலங்கள் பலவற்றுக்கும் அந்தந்த நூலின் கதைக்கும் தொடர்பே இருக்காது என்பது இத்துறையில் எல்லாருக்கும் தெரிந்ததே. அவர் திறமைக்கு அது பொருந்திற்று, காலமும் இடம்கொடுத்தது. இன்றைய வாசகர் அட்டையில் உள்ள கலத்துக்கு மூன்று இயந்திரங்கள் இருந்தால் கதையிலும் மூன்றைத் தேடுவார். வாசிக்கும்போது நான் மூன்று விடயங்களை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொள்வேன்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கதையின் மிகப் பெரிய பொருள் எது, அதன் பக்கத்தில் நிற்கக்கூடிய மிகச் சிறிய பொருள் எது. அட்டைப்படம் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்ளேதான் இருக்கும். கதையின் முடிவை அட்டையில் காட்டிவிடுவது மட்டும் மன்னிக்க முடியாதது.

வானியலும் பௌதிகமும் தெரிந்திருக்க வேண்டுமா?

பரீட்சை எழுதும் அளவுக்குத் தேவையில்லை, ஆனால் ஒளியைப் பற்றிய அறிவு கட்டாயம் தேவை. சித்திர வகுப்பில், தொலைவிலுள்ள மலையை வெளிறிய நீலத்தில் வரையுமாறு சொல்லித்தருகிறார்கள். அந்த வெளிறலைத் தருவது காற்று. சந்திரனில் காற்று இல்லை. பத்துக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாறையும் காலடியிலுள்ள கல்லைப்போலவே கூர்மையாகத் தெரியும், நிழலும் ஏறக்குறைய முழுக் கறுப்பாக விழும். ஆகவே அங்கே தொலைவைக் காட்ட வண்ணம் உதவாது. அளவு தெரிந்த ஏதாவது ஒரு பொருளை, ஒரு மனித உருவத்தையோ ஏணியையோ கதவையோ, சிறிதாக வைத்துத்தான் பிரமாண்டத்தை உணர்த்த வேண்டும். செவ்வாயிலிருந்து பார்த்தால் சூரியனின் விட்டம் நமக்குத் தெரிவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே இருக்கும், அந்தி வானம் சூரியனைச் சுற்றி நீலமாகத் தெரியும். செவ்வாயின் மாலையைக் காலிமுகத்திடல் மாலைபோல் செம்மஞ்சளில் குளிப்பாட்டும் அட்டைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். சனிக்கிரகத்தின் விட்டம் ஏறக்குறைய 1,20,000 கிலோமீற்றர். அதன் துணைக்கோளான டைட்டன் அதைச் சுற்றும் தூரம் ஏறக்குறைய 12,20,000 கிலோமீற்றர். ஆகவே டைட்டனின் வானில் சனி ஐந்தரைப் பாகை அகலத்தில், நம் நிலவைப்போல் பதினொரு மடங்கு அகலமாக இருக்கும். டைட்டன் கிட்டத்தட்ட வளையங்களின் தளத்திலேயே சுற்றுவதால், அங்கிருந்து வளையம் மெல்லிய கோடாகவே தெரியவேண்டும். போன்ஸ்டெல் இதையெல்லாம் கணக்கிட்டே வரைந்தார். ஆனால் டைட்டனிலிருந்து சனியைப் பார்ப்பதாக அவர் வரைந்த ஓவியத்திலுள்ள தெளிந்த நீல வானம் அங்கே இல்லை. 2005 ஜனவரி 14இல் ஹைகன்ஸ் கலம் அடர்ந்த செம்மஞ்சள் மூட்டத்தினூடாக அங்கே இறங்கியது. அந்த மூட்டத்துக்குக் கீழிருந்து கண்ணுக்குச் சனி தெரியாது. அந்த ஓவியம் அதனால் மதிப்பிழந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. தம் காலத்தில் தெரிந்ததை அவர் முழுமையாகப் பயன்படுத்தினார். நமக்கு 2005க்குப் பிறகு அந்தச் சலுகை இல்லை.

கொழும்பில் பயிற்சிக்கு இடம் குறைவில்லை. ஏறக்குறைய 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரத்தைப் பேரை வாவிக்கு அப்பாலிருந்து வரைந்து பாருங்கள். மழை வருவதற்குச் சற்று முன்னர் அதன் மேற்பகுதி எப்படி வெளிறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், பொஸ்ஸின் கலங்களை விளங்கிக்கொள்ள உதவும் மிகச் சிறந்த மாதிரிகள். வெளியே நின்று வரைவது போதும். துறைமுக வளாகத்துக்குள் படமெடுக்க அனுமதி வேண்டும்.

எங்கே படிக்கலாம்?

விஞ்ஞானப் புனைகதை ஓவியத்துக்கென்று தனிப் படிப்பு இங்கில்லை. உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்தவர்கள் கொழும்பிலுள்ள கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். தமிழில் கற்க விரும்புவோருக்கு மட்டக்களப்பின் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. உருவ வரைதல், தூரக்காட்சி, வண்ணம் ஆகிய மூன்றிலும் ஒழுங்கான பயிற்சி எங்கே கிடைத்தாலும் போதும்.

கையால் வரைவதா, கணினியிலா?

இரண்டுக்கும் இடம் உண்டு. திருத்தம் கேட்கும் வேகத்தைப் பார்த்தால் கணினியே நடைமுறைக்கு உகந்தது. எழுத்தாளர் நள்ளிரவில் தொலைபேசியில் ‘அந்த நிலவை இடப்பக்கம் தள்ள முடியுமா’ என்று கேட்கும்போது, தைலவண்ணத்தில் அதற்குப் பதில் இல்லை.

அச்சகத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டியது இதுதான். விண்வெளி ஓவியத்தில் பெரும்பகுதி கறுப்பு. திரையில் ஆழமாகத் தெரியும் கறுப்பை, அச்சில் கறுப்பு மையால் மட்டும் கொடுத்தால் கழுவிவிட்ட சாம்பல் நிறமாக வரும். அதனுடன் சயன் 60, மெஜென்டா 40, மஞ்சள் 40 வீதம் அளவில் கலந்தால்தான் கறுப்பு கறுப்பாகத் தெரியும். அதற்காக நான்கு மைகளையும் அள்ளிக் கொட்டவும் கூடாது. வீதங்களின் கூட்டுத்தொகை 300ஐத் தாண்டினால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும், கொழும்பின் ஈரக்காற்றில் இது இன்னும் மோசமாகும். நான்கு நிறங்களும் மயிரிழை விலகினாலே மிகச் சிறிய நட்சத்திரங்கள் நிறத்தால் மூடப்பட்டுவிடும். அதனால் திரையில் அழகாக இருக்கும் நட்சத்திரத் தூசியைக் குறைத்து, எண்ணிக்கையில் குறைவான, சற்றுப் பெரிய புள்ளிகளை வையுங்கள். கறுப்பின் மேல் வெள்ளையாக வரும் ஆசிரியர் பெயருக்கும் இதே விதிதான்.

அடுத்தது முதுகு. 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர், 240 பக்கம் என்றால் 120 தாள், ஆகவே முதுகு 12 மில்லிமீற்றர். ஐந்தரைக்கு எட்டரை அங்குல நூலுக்கு முன்னட்டை, பின்னட்டை, முதுகு, சுற்றிவர 3 மில்லிமீற்றர் வெட்டு ஓரம் எல்லாம் சேர்ந்து அகலம் 297, உயரம் 222 மில்லிமீற்றர் வரும். 300 டிபிஐ கணக்கில் அது ஏறக்குறைய 3,510க்கு 2,620 பிக்சல். நான் இதன் இருமடங்கில் வரைவேன், ஏனெனில் அதே படம் வெளியீட்டு விழாவின் பதாகைக்கும் கேட்கப்படும். தாள் எது என்பதை அச்சகத்திடம் உறுதிப்படுத்தாமல் முதுகை முடிவுசெய்ய வேண்டாம். பின்னட்டையில் ஐஎஸ்பிஎன் பட்டைக்கோட்டுக்கு வெண்ணிற இடம் விடவேண்டும். இலங்கையில் அந்த எண்ணை வழங்குவது தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபை.

கடைசியாக லெமினேட்டிங். மட் லெமினேட் கறுப்பைச் சற்று மங்கச் செய்யும், விரலடையாளமும் பிடிக்கும். ஆனாலும் விளக்கொளியில் பளபளக்காததால் விண்வெளிக் காட்சிக்கு நான் அதையே விரும்புகிறேன். வெளிப்பக்கம் மட்டும் பிளாஸ்டிக் பூசிய அட்டையின் உட்பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரிவதால், சில வாரங்களில் அட்டை வெளிநோக்கிச் சுருளும். தாளின் நார் ஓட்டம் முதுகுக்குச் சமாந்தரமாக இருக்குமாறு அட்டையை வெட்டச் சொன்னால் இது குறையும். மருதானையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் அனுபவமுள்ள அச்சுக்காரரிடம் இதைச் சொன்னால், உங்களை அவர் அன்றுமுதல் வேறு மரியாதையுடன் பார்ப்பார்.

தமிழ்த் தலைப்பெழுத்தில் என்ன சிக்கல்?

ஆங்கிலத் தலைப்புக்கென விடப்படும் இடம் தமிழுக்குப் போதாது. மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘மூ’வின் வாலும் இருப்பதால் இரண்டு வரித் தலைப்பில் வரிகள் மோதும். ஆகவே ஓவியத்தைத் தொடங்கும்போதே தலைப்புக்கான வெற்றிடத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். இலங்கையில் பாமினி எழுத்துரு இன்னும் பரவலாகப் புழங்குகிறது. அது இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தலைப்பு ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தோன்றும். யுனிகோடில் எழுதினாலோ, தெற்காசிய எழுத்து அமைப்பைத் தெரிவுசெய்யாத போட்டோஷொப்பில் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, தமிழ் வாசிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் காட்டுவது பாதுகாப்பானது. நல்ல ஓவியத்துக்கு எழுத்தைக் கையால் வரைவதே என் விருப்பம்.

கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது?

நாட்கணக்கில் மட்டும் பார்க்காமல் பயன்பாட்டையும் பார்த்து நிர்ணயிக்க வேண்டும். முதல் பதிப்பின் அட்டைக்கு ஒரு தொகை. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, இரண்டாம் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நடக்கும் வெளியீட்டு விழாவின் அழைப்பிதழும் பதாகையும் பத்திரிகை அறிவித்தலும் முதல் தொகைக்குள் அடங்கும் என்று எழுதிக்கொடுத்தால் எழுத்தாளர் மகிழ்வார், உங்களுக்கும் இழப்பில்லை. ஆரம்ப வரைவுகள் மூன்று, திருத்தச் சுற்று இரண்டு என்று எல்லை வையுங்கள். பாதித் தொகையை முன்பணமாகப் பெறுங்கள். வேலை இடையில் கைவிடப்பட்டால் என்ன தரவேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ‘நம்ம ஆள்தானே’ என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் இலவச வேலையில்தான் முடியும்.

வரைந்த படத்தின் உரிமை யாருக்கு?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை ஓவியருக்குரியது. அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. அவர் வாழ்நாளிலும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். நீங்கள் ஒரு நிறுவனத்தின் ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக வரைந்திருந்தால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிடின், பொருளாதார உரிமை நிறுவனத்துக்குப் போகும். உரிமையைக் கைமாற்றுவதும் பயன்பாட்டுக்கு அனுமதிப்பதும் எழுத்தில், இரு தரப்பின் கையொப்பத்துடன் இருக்கவேண்டும். முழு உரிமையையும் விற்பதைவிட இன்ன நூலுக்கு, இன்ன மொழியில், இன்ன காலத்துக்கு என்று அனுமதி கொடுப்பதே இத்தொழிலின் உண்மையான வருமானம். ஒரே ஓவியம் பத்து ஆண்டுகளில் மூன்று நூல்களுக்கு உழைக்கக்கூடும்.

வெளிநாட்டு வேலை எப்படிக் கிடைக்கும், பணம் எப்படி வரும்?

பதிப்பகங்களின் கலை இயக்குநர்கள் இணையத்தில் ஓவியத் தொகுப்புகளைத் தேடிப் பார்ப்பவர்கள். பத்து நல்ல ஓவியங்கள் போதும், பதினோராவது சுமாரானது என்றால் அதை எடுத்துவிடுங்கள். அட்டை வேலை தேடுபவர் அட்டைகளையே காட்ட வேண்டும். எச். ஜி. வெல்ஸ் 1946இல் இறந்ததால் அவருடைய நூல்கள் இங்கே பொதுவுடைமையாகிவிட்டன; அவற்றுக்குத் தலைப்பெழுத்துடன் கூடிய அட்டைகளைப் பயிற்சியாகச் செய்து தொகுப்பில் சேர்க்கலாம். ஏற்கனவே வரைந்த ஓவியத்துக்கு அனுமதிக் கட்டணம் தரும் விஞ்ஞானப் புனைகதை இதழ்களும் உண்டு, புதியவருக்கு அதுவே இலகுவான வாசல்.

இலங்கையில் பேபால் மூலம் பணம் செலுத்த முடிந்தபோதும் பெறமுடியாத நிலை நீண்டகாலம் இருந்துவந்தது. அதனால் வங்கிப் பரிமாற்றமும் பயோனியர் என்ற இணையப் பணச்சேவையும் வழக்கமாயின. அமெரிக்கப் பதிப்பகம் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைக் கேட்டால் பயப்படவேண்டாம், நீங்கள் அமெரிக்க வரிவதிவாளர் அல்லர் என்பதற்கான உறுதிமொழி அது. வங்கியின் ஊடாக வெளிநாட்டு நாணயத்தில் வரும் சேவை வருமானத்துக்கு 2025 மார்ச் வரை இருந்த வரிவிலக்கு நீங்கி, ஏப்ரல் முதல் உச்சம் 15 வீதமாக வரி வந்திருக்கிறது. பற்றுச்சீட்டுகளைச் சேமித்து வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவு இந்தத் தொழிலை முடித்துவிடுமா?

மலிவான வேலைகளில் ஒரு பங்கை ஏற்கனவே எடுத்துக்கொண்டுவிட்டது; அதை மறைத்துப் பயனில்லை. அதே நேரம், 2022 இறுதியில் ஒரு பெரிய அமெரிக்கப் பதிப்பகத்தின் விஞ்ஞானப் புனைகதை அட்டையில் இருந்த விலைக்கு வாங்கிய படம் இயந்திரத்தால் ஆனது என்று தெரியவந்தபோது, வாசகர்களே முதலில் கொதித்தார்கள். 2023இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு சித்திரக்கதையின் எழுத்துக்குப் பாதுகாப்பு வழங்கி, இயந்திரம் உருவாக்கிய படங்களுக்கு மறுத்தது. உரிமை இல்லாத படத்தை அட்டையில் போட்ட பதிப்பாளரால், இன்னொருவர் அதையே போடும்போது தடுக்க முடியாது. எழுத்தாளர்களிடம் பேசும்போது அழகியலைவிட இந்த வாதமே அதிகம் எடுபடுகிறது. ஒப்பந்தத்தில், படத்தை மனிதரே வரைந்தார் என்ற உறுதிமொழியை இப்போது பல பதிப்பகங்கள் கேட்கின்றன. ஆரம்ப வரைவுகளையும் அடுக்குக் கோப்புகளையும் அழிக்காமல் வைத்திருந்தால் அதை நிரூபிப்பது எளிது.

மூல ஓவியத்தைத் தனியாக விற்கலாமா?

விற்கலாம். கான்வாசை விற்பதால் பதிப்புரிமை கைமாறாது, அதைப் பற்றுச்சீட்டில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். ஆண்டுதோறும் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடைபெறும் ‘கலா பொல’ திறந்தவெளிச் சந்தையில் நிலக்காட்சியும் யானையும் விற்கும் அளவுக்கு விண்கலம் விற்பதில்லை. ஆனால் நின்று கேள்வி கேட்பவர்கள் அங்கேதான் அதிகம். அவர்களில் எழுத்தாளர்களும் இருப்பார்கள், தொலைபேசி இலக்கம் அச்சிட்ட அட்டையைக் கையில் வைத்திருங்கள்.